போறம்

அந்த "ம்" தான் மங்கையர்க்கரசியின் தொண்டைக்குள் முள்ளாய்ச் சிக்கிக் கிடந்தது. நேற்று மத்தியானம் சிநேகிதர் தர்மகுலம் வீட்டுச் சாப்பாட்டில், ஆட்டிறைச்சிக் குழம்பைச் சோற்றோடு குழைத்தபடி, அவளுடைய மனிசன் பரராசசிங்கம் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "வீட்டைக் குடுத்துப்போட்டு ஒஸ்லோவுக்குப் போறம்" என்றார். போறன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போறம். ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்குள் அவளை மடித்து வைத்து மூடியும் போட்டாயிற்று. கறிச்சட்டியோடு நின்றவளுக்கு அது புதினம், மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. குடுத்து வைச்ச மனுசி என்றார்கள், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்வரலாம் என்றார்கள், இந்தப் பனிக்குள்ளும் இருட்டுக்குள்ளும் இனி என்ன கிடக்கு என்றார்கள். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அதை நினைக்க இப்போது தன் வாயிலேயே ஒன்று போடவேண்டும் போலிருந்தது. தூண்டில் தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினாள். மீனை ஏய்க்கக் கட்டின செப்புத் தகடு வெயிலில் ஒருதரம் மின்னி, தூரத்தில் போய்க் குளத்துக்குள் விழுந்தது. கோபத்தில் வீசினால் தூரம் போகும், ஆனால் தங்கூசி நூல் காற்றில் தொய்ந்து, அதை இழுத்து நேராக்குவதற்குள் தகடு அடிக்கல்லில் மாட்டிக்கொள்ளும். மாட்டட்டும். பின்னால் ஒரு பாறையில் ஜக்கெற்றை மடித்துப் போட்டுக் குந்தியிருந்தார் மனிசன். இத்தனை வருசத்தில் ஒருநாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், இன்றைக்கு மட்டும் நானும் வாறன் என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறிவிட்டார். எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? பின்னேரம் வீடு பார்க்க ஆள் வருகிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற இளம் சோடி, அவள் இங்கே குளத்தில் நின்ற ஒருநாள் வந்து பார்த்துப் பிடித்துப்போனவர்களாம், இன்றைக்கு வந்து கைகொடுத்தால் பேச்சு முடிந்தது. அந்த நேரத்தில் மனுசி முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. அவளுக்கும் அவ்வளவு நேரம்தான் இருந்தது. திரும்பிக் கார் ஏறமுன் வாயைத் திறந்து, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடவேண்டும். காலையிலிருந்து அந்த வசனத்தை வாய்க்குள் வைத்து உருட்டுகிறாள், வெளியே வந்தால்தானே.

தகடு மாட்டவில்லை. மெல்லச் சுற்றினாள். குளம் என்றுதான் அவள் சொல்வது, வரைபடத்தில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நாக்குச் சுளுக்கும். நோர்வேயின் வடக்கு முடிவில், மரங்கள் இடுப்பளவுக்கு மேலே வளரத் துணியாத மலைமுதுகில், யாரும் வெட்டாமல் யாரும் கட்டாமல் கிடக்கிற தண்ணீர். இதிலிருக்கிற மீனையும் யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. கூட்டில் அடைத்து உருண்டைத் தீன் போட்டு வளர்க்கிற சால்மனைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்தவளுக்கு அதுவே ஒரு பெரிய விசயமாக இருந்தது. ரொய்யே என்பார்கள் அந்த மீனை. சால்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். முதுகு கறுப்பும் பச்சையுமாய், அதில் அரிசி தெளித்ததுபோல் வெளிர்ப் புள்ளிகள், செட்டைகளின் ஓரத்தில் மட்டும் வேட்டிக்கு இருக்கிற மாதிரி ஒரு கரை, வெள்ளை வெளேரென்று. இலையுதிரும் காலத்தில் முட்டைக்கு வருகிறபோது வயிறு சிவக்கும். முதன்முதல் ஒன்றைக் கையில் பிடித்தபோது அந்தச் சிவப்பைக் காயமென்று நினைத்து அவள் பயந்துபோனாள். இங்கெர் விழுந்து விழுந்து சிரித்தாள். மீன் ஃபக்டரியில் அவளோடு ஒரே பெல்ட்டில் நின்று வேலை செய்த இங்கெர்தான் இந்தக் குளத்தைக் காட்டினது. இந்த ஊரில் ஒருவருக்கு ஒருவர் வீட்டுத் திறப்பைக் கொடுத்தாலும் குளத்தைக் காட்டமாட்டார்கள். காட்டியபோது ஒரு சட்டமும் சொன்னாள். சின்னதைக் கொண்டு போ, பெரிசை விடு. இது ஊரில் கேட்டதற்குத் தலைகீழாக இருந்தது, அரசி இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினாள். தீன் குறைந்த தண்ணீரில் குஞ்சு கூடிப்போனால் எல்லாம் பட்டினி கிடந்து தலை பெருத்து உடல் வற்றிப்போகும், குஞ்சுகளைத் தின்று குளத்தைக் காப்பாற்றுகிறவை அந்தச் சில பெரிய ரொய்யேக்கள்தான், ஆசைப்பட்டு அவற்றைத் தூக்கினவன் குளத்தையே தூக்கினவன் என்றாள். அன்றைக்கு வீட்டில் விரல் நீள மீன்களைப் பொரித்துக்கொண்டே இதையெல்லாம் மூச்சுவிடாமல் மனிசனுக்குச் சொன்னாள். அவர் போனில் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டு "ம்" என்றார். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் சொன்னாள், பெரிசு ஒன்று வந்தது விட்டுவிட்டேன், இன்றைக்கு வயிறு சிவந்தது ஒன்று காலடிக்கே வந்தது என்று. ம். ம். சுவருக்குச் சொல்லியிருந்தால் சுவராவது பேசாமல் இருந்திருக்கும்.

காற்றுத் திரும்பியது. பாறையிலிருந்து இருமல் கேட்டது, பிறகு, ஏதும் பிடிபட்டதோ என்று கேட்டார், இது எத்தனையாவது தரமோ. இல்லை என்றாள் திரும்பாமல். பிடிபட்டால் தெரியாதோ, என்ன, மீன் வந்து கதவைத் தட்டிவிட்டோ வரும். இந்த அக்கறையை எங்கே வைத்திருந்தார் இவ்வளவு காலமும்? அவள் தடி வாங்கிக்கொண்டு வந்த அன்று இவர் என்ன சொன்னார் என்பது ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அவளுக்கு நினைவிருக்கிறது. நாங்கள் என்ன மீன் பிடிக்கிற ஆக்களோ என்றார். அங்கேயும் ஒரு நாங்கள். எந்த நாங்கள்? ஊரில் தோட்டமும் துரவுமாய் இருந்த நாங்கள், வாசலில் மீன் கொண்டுவந்தவரைப் படலைக்கு வெளியே நிற்பாட்டி வாங்கின நாங்கள். அந்த நாங்கள்தான் இங்கே வந்து இருபத்தைந்து வருசம் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு கொட் மீனின் வயிற்றைக் கிழித்தோம், முள் பிடுங்கினோம், தலையை ஒரு பெட்டிக்குள்ளும் ஈரலை ஒரு பெட்டிக்குள்ளும் எறிந்தோம், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலைமயிரில் மணத்தது. அப்போது சாதி எங்கே போனது? மாமியாருக்கு இவர் போனில் சொன்னது மருமகளுக்கு ஒஃபிசில் வேலை என்று. அரசி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், கத்தி வெட்டின கையில் பிளாஸ்டர். சம்பளத்துக்கு மீனை வெட்டினால் மரியாதை கெடாது, ஆசைக்கு ஒரு மீனைப் பிடித்தால் பரம்பரைக்கே இழுக்கு. பெரிய சிங்கம், பெயரில் மட்டும். அவள் தகட்டைத் தூக்கி மறுபடி வீசினாள், இந்தமுறை வலப்பக்கம், ஓடை குளத்தை விட்டுப் பிரிகிற இடத்துக்குப் பக்கமாக, சரளைக்கல் தெரிகிற மேட்டுக்கு. இந்த மாதத்தில் அவை அங்கேதான் வந்து கூடும். இங்கெர் சொல்லாததையும் இந்தக் குளத்தில் அவள் தானாகவே கொஞ்சம் படித்திருந்தாள். அதைத்தான் விட்டுவிட்டு வா என்கிறார். வா என்றும் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் பரவாயில்லையே.

ஒஸ்லோவில் மகன் வீடு ஆறாம் மாடி. குசினி ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துக் குசினி ஜன்னல், அங்கேயும் யாரோ ஒரு மனுசி பாத்திரம் கழுவுவாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் பார்க்கவேண்டும். மருமகள் ஷாமினி நல்ல பிள்ளை, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மாமி மாமி என்று கேட்டுக் கேட்டுத்தான் எதையும் செய்வாள். ஆனால் அந்த வீட்டில் கரண்டி எங்கே இருக்கவேண்டும் என்பது ஷாமினிக்குத்தான் தெரியும், அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு பிள்ளை, தள்ளுவண்டி, லிப்ட், கீழே மணல் தொட்டி, மறுபடி லிப்ட். பிள்ளையை நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு இளகியது, அப்படி இளகியதற்காகவும் கோபம் வந்தது. இன்னும் பிறக்காத பிள்ளையைக் காட்டித்தானே கட்டி இழுக்கிறார்கள். போய்ப் பார்ப்பாள், ஒரு மாதம் நின்று பத்தியம் போட்டுக் குளிக்க வார்த்துவிட்டு வருவாள், அதற்கு யார் மாட்டேன் என்றது? போனகிழமை மகன் அருணன் போன் எடுத்து, அம்மா வரப்போறா என்று அப்பா சொன்னார், உண்மைதானே, உங்களுக்கும் விருப்பம்தானே என்று கேட்டான். பிள்ளை பிறக்கும்போது வருவதைக் கேட்கிறான் என்று நினைத்து அவள் "ம்" என்றாள். அதற்கு முதல் ஒருநாள், மேசையில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தபோது, வயது போகிறது, வாசலில் பனி வழிக்க ஏலாமல் வருகிறது, பிள்ளையோடு போய் இருந்தால் என்ன என்று மனிசன் பொதுவாகச் சொன்னார், அப்போதும் ஒரு "ம்". கதை சொல்கிறவருக்குக் கேட்கிறவர் கொட்டுகிற "ம்" அது, சொல்லுங்கோ கேட்கிறன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. கலியாணம் கட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து கொட்டிய "ம்" எல்லாவற்றையும் அவர் பொறுக்கிச் சேர்த்து வைத்து, நேற்றுக் கறிச்சட்டிக்கு முன்னால் ஒரேயடியாகப் போறம் என்று கொட்டிவிட்டார். இதில் தன் பிழை எவ்வளவு, அவர் பிழை எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்த்தாள். அவர் காது கேளாத மனிசன், அவ்வளவுதானோ. காதிருந்தும் கேளாதவர். தான் சொன்னது எதுவும் அவருக்குள் போகவில்லை, குளமும் தெரியாது மீனும் தெரியாது, அதனால் இதையெல்லாம் விட்டு வருவது அவளுக்கு என்னவென்றும் தெரியாது. தெரியாதவரோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? நேற்றிரவு நித்திரை வராமல் கிடந்தபோதும் இந்த இடத்துக்கு வந்துதான் கோபம் கொஞ்சம் தணிந்தது. இப்போதும் தணியப் பார்த்தது. அவளுக்குப் பயம் பிடித்தது. கோபம் போய்விட்டால் சொல்ல மாட்டாள். சரி என்று விடுவாள், பின்னேரம் வருகிறவர்களுக்குக் கேக் வெட்டுவாள், அடுத்த மாதம் பெட்டி கட்டுவாள், எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டே செய்வாள்.

அப்போதுதான் தடி வளைந்தது. கல் என்று நினைத்தாள். கல் அசைந்தது. ரொய்யே துள்ளிக் காட்டாது, ஆழத்துக்குப் போகும், போய் அங்கே நின்று தலையை உதறும், அந்த உதறல் தங்கூசி வழியாக வந்து தடியில் ஏறி முழங்கையில் குத்தியது. பெரிசு. ரீல் கிர்ரென்று விட்டுக்கொடுத்தது. இழுக்காதே, விடு, நில், இப்போ சுற்று. கால் வழுக்கி முழங்கால்வரை தண்ணீருக்குள் போனாள், குளிர் பூட்ஸுக்குள் இறங்கியது, அது அவளுக்கு யாரோ சொன்ன செய்தி மாதிரித்தான் இருந்தது. நினைவு, கணக்கு, ஒஸ்லோ ஒன்றும் இல்லை, தங்கூசியும் அதன் மற்றப் பக்கத்தில் ஒரு பிடிவாதமும் மட்டும்தான். அது மூன்று தரம் கரைக்கு வந்து மூன்று தரமும் திரும்பி ஓடியது. கடைசியில் ஆழம் குறைந்த இடத்தில் பக்கவாட்டில் சரிந்து அந்தச் சிவந்த வயிற்றைக் காட்டியது. குனிந்து, கையை நனைத்து, ஒரு கையால் வாலடியையும் மற்றக் கையால் வயிற்றையும் தாங்கினாள். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். வாய் திறந்து மூடியது. வெள்ளைக் கரைச் செட்டை அவள் விரலுக்கு மேல் விரிந்து சுருங்கியது. பின்னால் கல்லில் பூட்ஸ் உரசிக்கொண்டு அவர் இறங்கி வருவது கேட்டது. இனிப் போனில் படம் எடுப்பார், தர்மகுலத்துக்கு அனுப்புவார், இதை ஐஸில் போட்டு ஒஸ்லோவுக்குக் கொண்டுபோவம் என்பார், வாயில் வரும் அந்த "வம்"மையும் சேர்த்து அவள் முன்கூட்டியே கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"பெரிசெல்லே," என்றார். "விடு அதை. இதுகள் இல்லாட்டி மற்றதெல்லாம் தலை பெருத்து வத்திப்போமெண்டு சொல்லுறனீ."

அவள் கை அப்படியே நின்றது. பிறகு கொக்கியைக் கழற்றினாள். மீனை நீரோட்டம் வருகிற பக்கம் முகம் பார்க்கப் பிடித்து, அதன் செவுட்பூ விரிந்து தண்ணீர் குடிக்கும்வரை வைத்திருந்தாள். அது போவதாக இல்லை, கைக்குள் கிடந்து மூச்சு வாங்கியது. கேட்டிருக்கிறார். ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டு, ம் ம் என்றுகொண்டு, ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார். பட்டினி, குஞ்சு, பெருத்த தலை எல்லாம் தெரியும். அப்படியென்றால் அவள் இந்தக் கரையில் எதற்கு வந்து நிற்கிறாள் என்பதும் தெரியும். இரவெல்லாம் அவருக்காக அவள் தேடிக் கண்டுபிடித்த மன்னிப்பு முழுவதும் இந்த ஒரு வசனத்தில் தண்ணீரோடு போயிற்று. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துகொண்டு செய்திருக்கிறார். அவள் அறிந்த கோபங்களெல்லாம் சூடானவை, முகத்தில் ஏறுகிறவை. இது குளிர்ந்து, சத்தமில்லாமல் வயிற்றுக்குள் இருந்து வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கலாம் போலிருந்தது. மீன் வாலை ஒருதரம் அடித்தது. அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்க்கும்போது மீன் இல்லை, அது கிளப்பிவிட்ட மணல் மட்டும் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

"இவ்வளவும் கேட்டனீங்களோ," என்றாள், இன்னும் குந்தியபடியே.

எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய், கேட்காமல் எங்கே போகிறது என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அவளைச் சமாதானப்படுத்த நல்ல வழி அகப்பட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார் போல. அவள் எழுந்து கையை ஜக்கெற்றில் துடைத்தாள். அப்படியென்றால் நேற்று அத்தனை பேருக்கு முன்னால் போறம் என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் உடனே, அதை முதலே சொன்னதுதானே, மேசையில் மீன் முள் எடுத்தபோது சொன்னேன், நீயும் ம் என்றாய், அருணனுக்கும் ம் என்றாய் என்றார். வாய் பிசகாமல் வந்தது. இதையும் இரவெல்லாம் படுத்திருந்து யோசித்து வைத்திருக்கிறார், பாவம், அவருக்கும் நித்திரை இல்லை.

"இஞ்சேரப்பா," என்றாள் அரசி. "என்ர ம் எந்த ம் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார், எறியப் போனார், மீன் கலையும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். தலை இவ்வளவு வழுக்கை விழுந்துவிட்டதை அவள் வெளிச்சத்தில் பார்த்து நாளாயிற்று. அந்தத் தலையைப் பார்த்து இரங்கிவிடக் கூடாது என்று தண்ணீரைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தால் நீ மாட்டன் எண்டிருப்பாய்," என்றார் கடைசியில்.

இதுதான், இவ்வளவுதான். இத்தனை வருசக் குடித்தனத்தில் இவர் அவளைப் பற்றிச் சொன்ன மிக உண்மையான வசனம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது, அதற்காக ஒருகணம் நன்றிகூட வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கோபமும் வந்தது. மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

"இப்ப கேளுங்கோ," என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தார். அவள் தடியைக் கல்லில் சாய்த்துவிட்டு, இரண்டு கையும் சும்மா தொங்க, காத்துக்கொண்டு நின்றாள். நுளம்பு ஒன்று புறங்கையில் குந்தியது, அடிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மேயவிட்ட வளர்ப்புக் கலைமான் ஒன்றின் கழுத்து மணி கேட்டது. கலியாணம் பேசிய காலத்திலும் இவர் அவளைக் கேட்டதில்லை, அப்பாவைத்தான் கேட்டார்கள், அப்பாதான் ஓமென்றார். அந்த வாய்க்கு இந்தக் கேள்வி பழக்கமில்லை. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினார்.

"வாறியே, அரசி?"

சத்தம் அவ்வளவு தாழ்ந்து வந்தது. இப்படி ஒருதரம், வந்த புதிதில், முதல் இருட்டுக் காலத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் அழுதபோது யாராவது கேட்டிருந்தால், எங்கே என்றாலும் வந்திருப்பாள். பழக்கத்தில் அவள் உதடு தானாகவே மூடிக்கொண்டது, தொண்டைக்குள் அந்தச் சத்தம் உருளத் தொடங்கிவிட்டது, அவள் பயந்துபோய் வாயைத் திறந்தாள்.

"மாட்டன்."

சொன்னபிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை. கோபமும் போய்விடவில்லை, அது இருந்த இடத்திலேயே இருந்தது, நல்ல காலம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், எதிர்பார்த்த ஆள்தானே. பிறகு, பின்னேரம் அவர்கள் வருவார்களே, வரச் சொல்லியாயிற்றே என்றார், அதுதான் இப்போது உலகத்தில் உள்ள ஒரே பிரச்சினை என்பதுபோல. வரட்டும், தேத்தண்ணி குடுத்து அனுப்புறன் என்றாள் அவள். அவர் பாறைக்குத் திரும்பிப் போனார், ஜக்கெற்றை எடுத்து உதறினார், போடவில்லை. கார் நிற்கும் பக்கம் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். அவள் தடியைக் கையிலெடுத்துக் கொக்கியில் மாட்டியிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான்?" என்றார் பின்னாலிருந்து.

அந்தக் குரலில் அருணன் சின்னவனாக இருந்தபோது அவள் விட்டுவிட்டுத் திரும்புகையில் பாலர் பாடசாலை வாசலில் நின்று கேட்ட தொனி இருந்தது. அவளுக்கு உடனே ஒரு பதில் வந்தது, பிறகு இன்னொன்று, இரண்டிலும் அந்த "நாங்கள்" இருந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"அதை நான் எப்பிடியப்பா சொல்லுறது," என்றாள். "உங்களையெல்லே கேக்கோணும்."

பிறகு தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், தூரத்துக்கு ஆசைப்படாமல், கிட்ட வீசினாள்.